ஆழ்கடல் நீரை அளந்த கதை

சபா மாநிலத்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி விரிந்து கிடப்பது சூலு கடல். அதன் ஒரு பக்கம் சபா. மற்றப் பக்கங்களில் பிலிப்பீன்ஸ் நாட்டின் தீவுகள். மேலிருந்து பார்த்தால் மற்ற வெப்பமண்டலக் கடல்களுக்கும் இதற்கும் வேறுபாடு எதுவும் தெரியாது. வேறுபாடு அடியில்தான் இருக்கிறது. மேற்குப் பசிபிக் பெருங்கடலில் 4,000 மீட்டர் ஆழத்தில் நீரின் வெப்பநிலை 2 டிகிரி செல்சியசுக்கும் குறைவு. சூலு கடலிலோ அதே ஆழத்தில் ஏறத்தாழ 10 டிகிரி! அருகருகே இருக்கும் இரண்டு கடல்களுக்கு இடையில் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது?

சூலு கடலைச் சுற்றித் தீவுகள் மட்டுமல்ல, நீருக்கடியில் மலைத்தொடர்களும் மதில்போல் எழுந்து நிற்கின்றன. அந்த மதிலில் உள்ள இடைவெளிகள் சில நூறு மீட்டர் ஆழமே கொண்டவை. தென்சீனக் கடலிலிருந்து நீர் உள்ளே வரும் முக்கியமான வழியின் ஆழம் ஏறத்தாழ 400 மீட்டர். ஆகவே, வெளியே ஆழத்தில் கிடக்கும் மிகக் குளிர்ந்த நீர் உள்ளே நுழைய முடியாது. மதிலின் விளிம்பைத் தாண்டி வழிந்து வரும் 10 டிகிரி நீரே 5,000 மீட்டர் ஆழமான அந்தக் கிண்ணத்தின் அடிவரை நிரம்பியிருக்கிறது.

இந்த மதிலைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. அப்படியிருந்தும், 1874, 1875ஆம் ஆண்டுகளில் அவ்வழியே சென்ற சேலஞ்சர் என்ற கப்பலின் அறிவியலாளர்கள், கடல்நீரின் வெப்பநிலையை வைத்தே சூலு கடல் அடைபட்ட கடல் என்பதை உணர்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட ஆழத்திற்குக் கீழே வெப்பநிலை குறையாமல் ஒரேயளவில் நின்றதே அவர்களுக்குக் கிடைத்த தடயம்.

சேலஞ்சர் பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொந்தமான போர்க்கப்பல். அதன் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை அகற்றிவிட்டு அங்கே ஆய்வுக்கூடங்களை அமைத்தார்கள். 1872ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அது, 1876ஆம் ஆண்டு மே மாதம்தான் தாயகம் திரும்பியது. சார்ல்ஸ் வைவில் தாம்சன் தலைமையில் சென்ற அறிவியல் குழுவினர், வழியில் 350க்கும் மேற்பட்ட இடங்களில் கப்பலை நிறுத்திக் கடலை அளந்தார்கள். ஆழத்தை அவர்கள் 'ஃபாதம்' என்ற அளவில் குறித்தார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் அது, ஏறத்தாழ 1.83 மீட்டர். தமிழ் மீனவர்கள் 'பாகம்' என்று சொல்வதும் இதைப் போன்ற அளவுதான். சணல் கயிற்றின் நுனியில் எடையைக் கட்டி, அது தரையைத் தொடும்வரை இறக்கி, மீண்டும் மேலே இழுக்க வேண்டும். ஆழமான இடத்தில் இந்த ஒரு வேலைக்கே பல மணி நேரம் பிடித்தது.

ஆழத்தைக் காண நீளமான கயிறும் பொறுமையும் போதும். வெப்பநிலை அப்படியன்று. சாதாரண வெப்பமானியைக் கடலடிக்கு அனுப்பினால், அது அங்கே சரியான அளவைத்தான் காட்டும். ஆனால், மேலே இழுக்கும்போது இளஞ்சூடான நீரைக் கடந்து வருவதால், கப்பலை அடைவதற்குள் பாதரசம் ஏறிவிடும். அடியில் அது என்ன காட்டியது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் 400 மடங்கு அழுத்தம் வெப்பமானியின் கண்ணாடிக் குமிழை நெரிக்கும். குமிழ் சுருங்கினால் பாதரசம் மேலேறும்; இல்லாத வெப்பம் இருப்பதாகக் காட்டும். சில வெப்பமானிகள் அழுத்தம் தாங்காமல் நொறுங்கியும் போயின.

சேலஞ்சர் குழுவினர் எடுத்துச் சென்ற மில்லர்-கசெல்லா வெப்பமானி இந்த இரண்டு சிக்கல்களுக்கும் ஓரளவு விடையளித்தது. அழுத்தம் உள்ளே எட்டாதபடி அதன் குமிழுக்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் குமிழ் இருந்தது. பாதரசம் தள்ளிய இடத்திலேயே நின்றுவிடும் சிறிய குறிமுள்கள் அதனுள் இருந்தன. அதனால், பயணத்தில் அது சந்தித்த மிகக் குறைந்த வெப்பநிலையையும் மிகக் கூடிய வெப்பநிலையையும் பிறகு படித்துக்கொள்ளலாம். கடலில் பொதுவாக ஆழம் கூடக்கூடக் குளிர்ச்சியும் கூடுவதால், மிகக் குறைந்த வெப்பநிலையே அடித்தள வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால், எப்போதும் அப்படி இருக்க வேண்டுமா? சூலு கடலையே பாருங்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதை அனைவரும் அறிவோம். அழுத்தப்படும் பொருள் சற்றுச் சூடாகும். ஆழ்கடல் நீரும் தன் மேலுள்ள நீரின் எடையால் அழுத்தப்பட்டு மிகச் சிறிதளவு சூடாகிறது. சூலு கடலில் 1,000 மீட்டருக்குக் கீழே நீர் குளிர்வதற்கு மாறாக, ஒரு டிகிரியில் சில பத்தில் ஒரு பங்கு வெப்பம் கூடுகிறது. மிகக் குறைந்த அளவை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் வெப்பமானிக்கு இது தெரியாது. கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

சேலஞ்சர் கடலில் இருந்த காலத்திலேயே, 1874ஆம் ஆண்டில், இலண்டனைச் சேர்ந்த நெக்ரெட்டி, சம்ப்ரா என்ற கருவிகள் செய்யும் நிறுவனத்தினர் புதிய வழியொன்றைக் கண்டுபிடித்தனர். அது கவிழும் வெப்பமானி. வேண்டிய ஆழத்தை அடைந்ததும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால், உள்ளே குறுகலான ஓரிடத்தில் பாதரச இழை அறுந்துவிடும். அறுந்த துண்டின் நீளம் அந்த ஆழத்தின் வெப்பநிலையைக் காட்டும். மேலே வரும்போது சூடான நீரைக் கடந்தாலும் பெரிய மாற்றம் இராது. எஞ்சும் சிறு மாற்றத்தையும் கணக்கிட்டுத் திருத்திவிடலாம்.

இதை நீர் எடுக்கும் குப்பியோடு இணைத்துப் பயன்படுத்தினார்கள். நார்வே நாட்டு ஆய்வாளர் ஃபிரிட்யொஃப் நான்சென் செம்மைப்படுத்திய உலோகக் குப்பிகள் ஒரே கம்பிவடத்தில் வரிசையாகப் பூட்டப்பட்டன. எல்லாம் உரிய ஆழத்தை அடைந்ததும், கப்பலிலிருந்து சிறிய எடையொன்றைக் கம்பிவடத்தின்மீது நழுவவிடுவார்கள். அதற்குத் 'தூதுவர்' என்று பெயர். தூதுவர் முதல் குப்பியைத் தட்டும். குப்பி கவிழ்ந்து மூடிக்கொள்ளும். அதனோடு சேர்ந்து வெப்பமானியும் கவிழும். அதே நொடியில் அந்தக் குப்பியின் கீழே காத்திருக்கும் இன்னொரு தூதுவர் விடுபட்டு அடுத்த குப்பியை நோக்கி இறங்கும். ஓர் அஞ்சலோட்டம் போல இச்செய்தி அடிவரை போய்ச் சேரும். கப்பலில் இருப்பவர்கள் கம்பிவடத்தில் கை வைத்து, ஒவ்வொரு தட்டலின் அதிர்வையும் உணர முயல்வார்கள். மின்னணுக் கருவிகள் வரும்வரை, பல பத்தாண்டுகள் உலகின் கடல்கள் இப்படித்தான் அளக்கப்பட்டன.

வெப்பநிலையைப் போலவே முக்கியமானது உப்புத்தன்மை. குளிர்ந்த நீர் கனமானது. உப்பு மிகுந்த நீரும் கனமானது. கனமான நீர் கீழே இறங்கும். அதன் இடத்தை வேறு நீர் நிரப்பும். துருவப் பகுதியில் இறங்கும் நீர் பெருங்கடல்களின் அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவுவது இந்த எடை வேறுபாட்டால்தான். சேலஞ்சர் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை ஆராய்ந்த வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர், 1884இல் வெளியிட்ட முடிவு இங்கே பேருதவியாக அமைந்தது. எந்தக் கடலின் நீராக இருந்தாலும், அதில் உப்பின் மொத்த அளவு மாறலாம். ஆனால், அதில் அடங்கிய முக்கிய உப்புக் கூறுகளுக்கு இடையிலான விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை. அப்படியானால், எல்லா உப்புகளையும் தனித்தனியே அளக்க வேண்டியதில்லை. ஒன்றை அளந்தால் மொத்தத்தையும் அறியலாம்.

இன்று அந்த 'ஒன்று' மின்சாரம். உப்பு கூடினால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 1950களில் ஆஸ்திரேலியாவில் புரூஸ் ஹேமன், நீல் பிரவுன் ஆகிய இருவரும் இதை அடிப்படையாகக் கொண்டு, கடலுக்குள் இறக்கக்கூடிய மின்னணுக் கருவியை உருவாக்கினர். அதன் வழித்தோன்றலே இன்று எல்லா ஆய்வுக் கப்பல்களிலும் இருக்கும் சி.டி.டி. மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் ஆகிய மூன்றின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளே அதன் பெயராயின. உண்மையில் அது ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து ஆழம் கணக்கிடப்படுகிறது.

கப்பலில் சி.டி.டி. இறக்கப்படும் காட்சி சுவையானது. ஓர் ஆள் உயரமுள்ள உலோகச் சட்டம். அதன் நடுவிலோ அடியிலோ கருவி. சுற்றிலும் 24 அல்லது 36 பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றும் 10 லிட்டர் அளவு நீர் கொள்ளும். இரு முனைகளும் திறந்த நிலையிலேயே குப்பிகள் கீழே போகும். அப்போதுதான் அழுத்தம் அவற்றை நசுக்காது. கப்பல் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பெரிய சட்டத்தைத் தளத்திலிருந்து தூக்கிக் கடலில் விடுவதுதான் ஆபத்தான வேலை. தலைக்கவசமும் மிதவை மேலாடையும் அணிந்தவர்கள் கயிறுகளால் அதைப் பிடித்து, கப்பலின் பக்கவாட்டில் மோதாமல் காப்பார்கள். பிறகு, கம்பிவடத்தைச் சுற்றி விடும் வின்ச் என்னும் பொறியை இயக்குபவர், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் அதை இறக்குவார். 5,000 மீட்டர் போய்த் திரும்பிவர மூன்று மணி நேரத்திற்குமேல் ஆகும். இரவு, பகல், மழை, வெயில் எதுவானாலும் முறை போட்டு வேலை நடக்கும்.

இறங்கும்போதே அளவுகள் கம்பிவடத்தின் வழியாகக் கணினித் திரைக்கு வந்துவிடும். மேற்பரப்பில் வெப்பநிலைக் கோடு நேராக இறங்கும். பிறகு சட்டென வளைந்து குளிர்ச்சியை நோக்கி ஓடும். ஆழத்தில் மீண்டும் ஏறக்குறைய நேராகும். எந்தெந்த ஆழத்தில் நீர் எடுக்க வேண்டும் என்று அந்தக் கோட்டைப் பார்த்து ஆய்வாளர்கள் முடிவு செய்வார்கள். மேலே வரும் வழியில் அந்த ஆழங்களில் கருவியை நிறுத்தி, ஒரு பொத்தானை அழுத்தினால் குப்பி மூடிக்கொள்ளும். இதில் ஒரு சிறு விளையாட்டும் உண்டு. பள்ளி மாணவர்கள் படம் வரைந்து அனுப்பிய ஸ்டைரோஃபோம் குவளைகளைப் பையில் போட்டு, சட்டத்தில் கட்டி அனுப்புவார்கள். அழுத்தத்தில் உள்ளிருக்கும் காற்று வெளியேறி, குவளை வடிவம் மாறாமல் சிறு கிண்ணமாகச் சுருங்கி மேலே வரும்.

கருவியே எல்லாவற்றையும் அளந்துவிட்டதே, பிறகு நீர் எதற்கு? கருவியை முழுமையாக நம்ப முடியாது என்பதே காரணம். நல்ல சி.டி.டி. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குவரை சரியாக அளக்கும். ஆனால், உணர்கருவியில் மெல்லிய பாசி படிந்தாலும், கண்ணாடிக் குழாயில் சிறு தூசு சிக்கினாலும் அளவு மெல்லப் பிசகும். பிசகியது திரையில் தெரியாது. கோடு முன்போலவே அழகாக இருக்கும். அதனால்தான் குப்பிகளில் வந்த நீரைக் கப்பலின் ஆய்வுக்கூடத்தில் தனியே அளந்து, கருவி சொன்னதோடு ஒப்பிடுகிறார்கள்.

குப்பி தளத்திற்கு வந்ததும் நீர் பிடிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. குளோரோஃபுளோரோகார்பன் போன்ற வாயுக்களை அளப்பவர்களுக்கு முதலிடம், அடுத்து உயிர்வாயு, உப்புத்தன்மைக்கு ஏறக்குறையக் கடைசி இடம். குப்பி திறந்த நொடியிலிருந்து நீரின் வாயுக்கள் காற்றோடு கலக்கத் தொடங்கிவிடும். உப்பு எங்கும் ஓடிவிடாது. யார் எந்தக் குப்பியில் நீர் பிடித்தார் என்று குறித்துக்கொள்ள ஒருவர் தாளும் எழுதுகோலுமாக நிற்பார். வரிசை தவறினால் பேராசிரியர் என்றாலும் அவர் விடமாட்டார். உயிர்வாயுவுக்கான நீரைப் பிடிக்கும்போது ஒரு காற்றுக்குமிழிகூட உள்ளே போகக்கூடாது. குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, நீர் நிரம்பி வழிந்த பிறகும் வழியவிட்டு, உடனே வேதிப்பொருள்களைச் சேர்த்து மூடுவார்கள். நீர் பழுப்பு நிறமாக மாறினால் உயிர்வாயு பிடிபட்டுவிட்டது என்று பொருள். லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் 1888இல் வெளியிட்ட முறை இது. இத்தனை மின்னணுக் கருவிகள் வந்த பின்னும் இதற்கு ஓய்வு கிடைக்கவில்லை.

உப்புத்தன்மையைச் சரிபார்க்க எல்லாக் கப்பல்களும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஜப்பானியக் கப்பலின் அளவையும் ஜெர்மானியக் கப்பலின் அளவையும் ஒப்பிட முடியாது. இதற்காகவே 'நியமக் கடல்நீர்' என்ற ஒன்று தயாரிக்கப்படுகிறது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் மார்ட்டின் நூட்சென் தொடங்கிவைத்த இந்தப் பணி இன்று பிரிட்டனில் நடைபெறுகிறது. உப்புத்தன்மை மிகத் துல்லியமாக அளக்கப்பட்ட கடல்நீரைக் குப்பியில் அடைத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். கப்பலில் உள்ள கருவி முதலில் இந்த நீரை அளந்து தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகே மற்ற நீரை அளக்கும். கடல் நடுவே இருந்துகொண்டு கடல்நீரைக் காசு கொடுத்து வாங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம்.

இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எடுத்துக்காட்டலாம். அந்த ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு கடலின் மேற்பகுதி குளிர்ந்துவிட்டதாகக் கூறியது. உலகமே வெப்பமடைகிறது என்று சொல்லப்பட்ட நேரத்தில் இது பெரிய செய்தி. புவியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கடலில்தான் போய்ச் சேருகிறது. கடல் குளிர்கிறது என்றால், நாடுகள் போடும் திட்டங்களே மாற வேண்டியிருக்கும்.

அந்த ஆய்வாளர்களே தங்கள் தரவுகளை மறுபடியும் சோதித்தார்கள். இரண்டு பிழைகள் வெளிப்பட்டன. ஒன்று, ஓடும் கப்பலிலிருந்து வீசப்படும் ஒருவகை வெப்ப அளவிகள். அவை ஆழத்தை அளப்பதில்லை. விழுந்த நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடப்படும். அந்தக் கணக்கு முழுவதும் பொருந்தாததால் நீர் உண்மையைவிடச் சற்று வெப்பமாகக் காட்டப்பட்டது. மற்றொன்று, புதிதாக வந்த தானியங்கி மிதவைகளில் சிலவற்றின் அழுத்த அளவுகள் தவறான ஆழத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. அவை நீரை உண்மையைவிடக் குளிர்ச்சியாகக் காட்டின. பழைய, வெப்பமாகக் காட்டும் கருவிகள் குறைந்து, புதிய, குளிர்ச்சியாகக் காட்டும் கருவிகள் கூடியபோது, கடலே குளிர்வதுபோன்ற தோற்றம் உண்டானது. 2007இல் திருத்தம் வெளியிடப்பட்டது. அந்தப் பெரிய குளிர்ச்சி நிகழவே இல்லை.

ஆர்கோ என்று அழைக்கப்படும் அந்த மிதவைகள் இன்று ஏறத்தாழ 4,000 இருக்கின்றன. பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர்வரை மூழ்கி, மேலே வரும் வழியில் அளந்து, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. கப்பல் போகாத கடல்களிலும் புயல் வீசும் மாதங்களிலும் அவை வேலை செய்கின்றன. ஆனாலும், ஆண்டுக்கணக்கில் கடலில் கிடக்கும் மிதவையைக் கழுவிச் சரிபார்க்க யாரும் இல்லை. அதன் அளவு பிசகினால் அதைக் கண்டுபிடிக்க, அருகே ஒரு கப்பல் எடுத்த நம்பகமான அளவு வேண்டும்.

நம்பகமான பழைய அளவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டீன் ரோமிக் என்ற கடலியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சேலஞ்சர் எடுத்த வெப்பநிலைகளை, அதே இடங்களில் ஆர்கோ மிதவைகள் எடுத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். 135 ஆண்டுகளில் மேற்பரப்பு சராசரியாக 0.59 டிகிரியும், மேலிருந்து 700 மீட்டர்வரையிலான நீர் சராசரியாக 0.33 டிகிரியும் வெப்பமடைந்திருந்தன. 2019இல் ஜேக் ஜெபி, பீட்டர் ஹைபர்ஸ் ஆகிய இருவர் இன்னும் ஆழத்தைப் பார்த்தனர். பசிபிக்கின் ஆழ்பகுதியில் நீர் மிகச் சிறிதளவு குளிர்ந்திருப்பதாக அவர்கள் கண்டனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, உலகம் குளிர்ந்திருந்த காலத்தில் மேற்பரப்பிலிருந்து இறங்கிய நீரின் தாக்கம் இப்போதுதான் அங்கே தெரிகிறது என்பது அவர்களின் விளக்கம். ஒரு டிகிரியில் நூறில் சில பங்கே உள்ள மாற்றம் அது. சேலஞ்சரின் வெப்பமானிகளை ஆழ்கடல் அழுத்தம் எவ்வளவு பாதித்தது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சோதித்துக் குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்க முடியாது.

இன்று பல நாடுகளின் கப்பல்கள் ஒன்றுசேர்ந்து, பெருங்கடல்களின் குறுக்கே குறிக்கப்பட்ட அதே பாதைகளில் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை சென்று, மேற்பரப்பிலிருந்து கடலடிவரை அளந்து வருகின்றன. 6,000 மீட்டர்வரை மூழ்கும் புதுவகை மிதவைகளும் இப்போது கடலில் விடப்படுகின்றன. அவற்றைக் கொண்டுசெல்லும் கப்பல், மிதவையை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடுவதில்லை. அதே இடத்தில் நின்று சி.டி.டி.யை அடிவரை இறக்கி, நீர் எடுத்து அளக்கிறது. மிதவை அனுப்பப்போகும் முதல் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.